மின்சாரக் காரில் கடல் வரை: மூன்று ஆண்டு, ஒன்பது பயணம்

கார் வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது. 40 கிலோவாட் மணி, அதாவது 40 யூனிட் பேட்டரி. நானும் கணவரும் இதுவரை ஒன்பது தடவை இதே வழியில் கடற்கரை நகரத்துக்குப் போய் வந்திருக்கிறோம். ஒரு பக்கம் 380 கிலோமீட்டர். முதல் 240 கிலோமீட்டர் வயலும் தோப்பும் சின்னச் சின்ன ஊர்களுமாக வளைந்து வளைந்து போகும். மிச்சம் 140 அகலமான விரைவுச்சாலை.

முதல் தடவை கிளம்பும்போது எங்களுக்கு இருந்த பயமெல்லாம் கிராமப்புறத்தைப் பற்றித்தான். நடுவழியில் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது? அதனால் 120-வது கிலோமீட்டரில் இருந்த சார்ஜரைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டோம். பேட்டரியில் 67 சதவீதம் இருந்தது, 95 வரை ஏற்றினோம். 80-ஐத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் விழுந்துவிட்டது. கடைசி 15 சதவீதத்துக்கு மட்டும் அரை மணி நேரம். விரைவுச்சாலை தொடங்கும் இடத்திலும் ஒரு சார்ஜர் இருந்தது. "62 இருக்கே, போயிடலாம்" என்றார் இவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் பேட்டரியைக் குடித்தது அந்த விரைவுச்சாலைதான். காரைத் தடுக்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். 60-லிருந்து 100-க்குப் போனால் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. வயல் சாலையில் ஒரு யூனிட்டுக்கு 9 கிலோமீட்டர் கொடுத்த கார் அங்கே 6 தான் கொடுத்தது. போதாததற்கு எதிர்க்காற்று. கடைசி 40 கிலோமீட்டரை ஏசியை அணைத்துவிட்டு, ஒரு லாரிக்குப் பின்னால் போதிய இடைவெளி விட்டு 60-லேயே ஓட்டினேன். ஊர் வந்து சேர்ந்தபோது 6 சதவீதம். அந்த நாற்பது நிமிடமும் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அந்த எதிர்க்காற்றும் தற்செயல் இல்லை என்பது மூன்றாவது பயணத்தில்தான் பிடிபட்டது. பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாவதால் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். கடலைப் பார்த்துப் போகிறவருக்கு அது முகத்தில் அடிக்கும், திரும்புகிறவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். இப்போது போகும்போது விடியுமுன் கிளம்புகிறோம், திரும்பும்போது மதியம். கிராமப்புறத்தில் எங்கேயும் ஏற்றுவதில்லை. 29 சதவீதத்தோடு விரைவுச்சாலை முனைக்கு வந்து, அங்கே 80 வரை ஏற்றிக்கொண்டு போனால் போதிய மிச்சம் வைத்தே ஊர் சேரலாம்.

எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்தது அந்த 240 கிலோமீட்டர்தான். இன்ஜின் இரைச்சல் இல்லை. கண்ணாடியை இறக்கினால் தவளைச் சத்தமும் வாய்க்கால் தண்ணீர் ஓடுவதும் கேட்கும். அப்புறம், நம் கார் வருவது மற்றவர்களுக்கும் கேட்காது. ஆடுமாடு ஓட்டிப் போகிறவர்கள் பக்கத்தில் நடை வேகத்துக்கு இறங்கிவிடுவேன்.

பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதில் வேலை உண்டு. எங்கே ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்பது அவர் பொறுப்பு. ஓட்டுகிறவர் போனைத் தொடக்கூடாது. சார்ஜரில் நின்றதும் இடம் மாறிக்கொள்வோம். இந்த ஏற்பாடு வந்த பிறகு சண்டை குறைந்தது உண்மை. ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் சிக்னல் தேவையில்லை, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் போதும். ஆனால் சார்ஜரை ஆப் மூலம் இயக்க சிக்னல் வேண்டும். தட்டினால் இயங்கும் அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. இந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் மருந்தும் காற்றடிக்கும் பம்பும்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்த மருந்து உதவாது. ஐந்தாவது பயணத்தில் அப்படித்தான் ஒரு கூர்ங்கல் கிழித்து, இழுவை வண்டிக்காக நான்கு மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகு ஒரு ஸ்டெப்னி வாங்கினேன். டிக்கியில் பாதி இடம் போகிறது, போகட்டும்.

எட்டாவது பயணத்தில் கடற்கரை விடுதியில் காலை கார் உயிர்பெறவே இல்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் இருந்தும், பூட்டையும் கணினியையும் எழுப்புகிற 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருந்தது. பக்கத்து அறைக்காரர் தன் காரிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பிவிட்டார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இரண்டு ஆண்டு தாண்டினால் அந்தச் சின்ன பேட்டரியைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய பேட்டரி கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அன்று 67 சதவீதம் கேட்ட வயல் சாலை இப்போது 71 கேட்கிறது. இதை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை.

கடல் உப்புதான் மறக்கக் கூடாதது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் இந்தக் காரில் பிரேக் தட்டு அதிகம் உரசாது; உப்புக்காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும். திரும்பும் வழியில் ஆளில்லாத நேர்ச்சாலையில் நான்கைந்து தடவை பிரேக்கை அழுத்தி மிதிப்பேன். முதலில் சரசரவென்று சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் காருக்கு அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுவது இவர் வேலை. சார்ஜ் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.