சாணத்தில் குரோமியமா, டைட்டானியமா? செரிமான ஆய்வுக்கு ஏற்ற அளவீடு எது

மாடு தின்றதில் எவ்வளவு செரித்தது என்பதை அறிய, விழும் சாணம் முழுவதையும் நாள்தோறும் சேர்த்து எடைபோடுவதே நேரான வழி. அதற்கு வசதியில்லாத இடங்களில், குடலில் உறிஞ்சப்படாத உலோக ஆக்சைடு ஒன்றைத் தீவனத்தில் கலந்து, சாண மாதிரியில் அதன் செறிவை அளக்கிறார்கள். குரோமிக் ஆக்சைடை இதற்கென 1918-இலேயே சுவீடனின் எடின் முன்வைத்தார். ஆக்சைடு செரிக்காமல் முழுவதும் வெளியேறுவதால், தீவனம் செரிக்கச் செரிக்கச் சாணத்தில் அதன் செறிவு கூடும்; தீவன உலர்பொருளில் அது 0.3 சதவீதமும் சாண உலர்பொருளில் 1 சதவீதமும் இருந்தால் செரிமானம் 70 சதவீதம். அந்த 1 சதவீதத்தை ஆய்வகம் 0.9 என்று குறைத்து அளந்துவிட்டால் விடை 66.7 ஆகிவிடும். இரு தீவனங்களுக்கிடையே நாம் தேடும் வேறுபாடே பல வேளைகளில் இவ்வளவுதான் என்பதால், கருவியைவிட மாதிரியைக் கரைக்கும் படிதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது.

குரோமிக் ஆக்சைடு எளிதில் கரையாது. 1962-இல் வெளியான வில்லியம்ஸ் குழுவினரின் முறையில், சாணத்தை எரித்துச் சாம்பலாக்கி, பாஸ்பாரிக் அமிலம், மாங்கனீசு சல்பேட், பொட்டாசியம் புரோமேட் ஆகியவற்றோடு சூடாக்க வேண்டும். நுரைப்பு அடங்கி ஊதா நிறம் தெரிந்தால் ஆக்சிஜனேற்றம் முடிந்தது என்று பொருள். கால்சியம் குளோரைடு சேர்த்து, சிலிக்கா அடியில் படியவிட்டு, தெளிந்த கரைசலை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் 357.9 நானோமீட்டரில் அளப்பார்கள். ஊதா நிறம் வருமுன் அவசரப்பட்டு இறக்கினால் குரோமியத்தின் ஒரு பகுதி கரையாமலே நின்றுவிடும். மேலும், இந்த ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் ஆறு இணைதிற குரோமியம் நச்சுத்தன்மை உடையது என்பதால், கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட முடியாது.

டைட்டானியம் டை ஆக்சைடுக்கு, புரதம் அளக்கத் தீவன ஆய்வகங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கெல்டால் அடுப்பே போதும். கந்தக அமிலத்திலும் வினையூக்கியிலும் சுமார் 420 டிகிரியில் கரைத்து, ஆறியபின் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் எழும். அதைச் சாதாரண நிறமாலைமானியிலேயே 410 நானோமீட்டரில் அளந்துவிடலாம். ஆனால் வினையூக்கியின் தாமிரமும் சாணத்தின் இரும்பும் கரைசலுக்குத் தம் நிறத்தைச் சேர்க்கும். ஆகவே டைட்டானியம் ஊட்டப்படாத மாட்டின் சாணத்தை வெற்று மாதிரியாக உடன் வைக்காத அளவீட்டை நான் ஏற்க மாட்டேன். தீவனச் சேர்பொருளாக இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அனுமதி மறுத்ததும் கருத வேண்டிய செய்தி.

ஐசிபி எனப்படும், கரைசலிலுள்ள பல உலோகங்களைப் பிளாஸ்மாவின் உதவியால் அளக்கும் கருவி இருந்தால் இரண்டு உலோகங்களையும் ஒரே ஓட்டத்தில் அளக்கலாம். எனினும் கரையாமல் அடியில் தங்கிய துகளை அந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

சிறிய ஆய்வகத்துக்கு என் தேர்வு டைட்டானியம். பணி தொடங்குமுன், ஊட்டப்படாத மாட்டின் உலர் சாணத்தில் தெரிந்த எடையளவு ஆக்சைடைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். தீவனத்தில் மட்டும் சோதித்தால் போதாது. மணலும் சிலிக்காவும் மிகுந்த சாணம் அமிலத்தில் தீவனத்தைப்போல் கரைவதில்லை.