செஸ் கிளப் போட்டிக்கு எது நல்லது: ரவுண்ட் ராபினா, சுவிஸ் முறையா?

8 பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரவுண்ட் ராபின்தான். 7 சுற்று, 28 ஆட்டம். எல்லோரும் எல்லோருடனும் ஆடுவார்கள். பெர்கர் அட்டவணை என்ற ஆயத்த ஜோடிப் பட்டியலின்படி எந்தச் சுற்றில் யாருடன், வெள்ளையா கறுப்பா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். எதிராளிக்கு ஏற்ற ஓப்பனிங்கை (தொடக்க நகர்த்தல்களை) தயார் செய்துகொண்டு வரலாம். பார்க்க வருபவர்களும் முக்கிய ஆட்டத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

நடுவில் ஒருவர் விலகினால்தான் சிக்கல். தன் ஆட்டங்களில் பாதிகூட ஆடாமல் போனால் அவருடைய முடிவுகள் இறுதிப் பட்டியலில் சேராது. அவரை வென்றவருக்கு அந்தப் புள்ளி போய்விடும். பாதியாவது ஆடியிருந்தால், மீதி எதிராளிகளுக்குப் புள்ளி ஆடாமலே கிடைக்கும். இரண்டுமே அநியாயம். பெயர் பதியும்போதே வர முடியாத நாள் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

40 பேருக்கு ரவுண்ட் ராபின் 39 சுற்று இழுக்கும். சுவிஸ் முறையில் 6 சுற்று போதும்: ஒத்த புள்ளிக்காரர்கள் மோதுவார்கள், ஒரே ஆளை இரண்டு முறை சந்திக்க வேண்டியதில்லை. ஒருவர் விலகினாலும் போட்டி குலையாது. ஆனால் சுற்றின் கடைசி ஆட்டமும் முடியும்வரை அடுத்த ஜோடி போட முடியாது. முடிவைத் தவறாக எழுதிக் கொடுத்தால் அடுத்த சுற்றின் ஜோடிகளே மாறிவிடும். கையெழுத்திடும் முன் இருவரும் சரிபாருங்கள்.