ஈபெல், பேக்போர்ட்ஸ், ஆல்பைன் டெஸ்டிங்: எதைத் திறக்கலாம்?

கண்டெய்னர் இமேஜ் (ஒரு மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொதி) கட்டும்போது வேண்டிய பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் கூடுதல் ரெப்போவை, அதாவது பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்கை, திறந்துவிடு என்பார்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இணைய டாங்கிளை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, மழை விடுமா என்று பார்த்தபடி பில்ட் ஓட்டுகிறவர்களுக்கு அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. திறந்த ரெப்போ, கேட்காததையும் உள்ளே இழுக்குமா? முதலில் அதைப் பாருங்கள்.

அந்த விஷயத்தில் என் ஓட்டு டெபியன் லினக்ஸின் பேக்போர்ட்ஸுக்குத்தான், அதாவது நிலையான வெளியீட்டுக்காகப் புதிய பதிப்புகளை வைத்திருக்கும் ரெப்போவுக்கு. எங்கிருந்து எடுப்பது என்பதை ஆப்ட் என்ற நிறுவும் கருவி முன்னுரிமை எண் பார்த்து முடிவு செய்யும்: சாதாரண ரெப்போவுக்கு 500, இதற்கு வெறும் 100. அதனால் நிலையான வெளியீட்டில் ஏற்கெனவே இருக்கிற பேக்கேஜுக்குப் புதிய பதிப்பு வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அது பேசாமல் கிடக்கும். என்ன, தேடுவதெல்லாம் அங்கே இருக்காது.

ராக்கி, அல்மா (ரெட் ஹாட்டை ஒட்டிய லினக்ஸ்கள்) என்றால் ஈபெல் என்ற கூடுதல் ரெப்போ. ஃபெடோரா சமூகம் பராமரிப்பது, லினக்ஸோடு வரும் அடிப்படை பேக்கேஜ்களை மாற்றக்கூடாது என்பது அவர்கள் கொள்கை, அதனால் பயமில்லை. தலைவலி வேறு இடத்தில்: ஈபெல்லில் உள்ள பல பேக்கேஜ்களுக்குத் தேவையான லைப்ரரிகள் சிஆர்பி ரெப்போவில் இருக்கின்றன, அது தானாகத் திறந்திருக்காது. பதிப்பு 8 இல் அதற்கே பவர்டூல்ஸ் என்று பெயர், 9 இல் சிஆர்பி, ஆகவே பழைய டாக்கர்ஃபைலை (இமேஜ் கட்டும் கட்டளைக் கோப்பை) அப்படியே ஒட்டினால் பில்ட் நின்றுவிடும். அப்புறம் மெட்டாடேட்டா, அதாவது ரெப்போவின் பேக்கேஜ் பட்டியல். ஒவ்வொரு ரன் வரியிலும் கேஷைத் துடைத்துவிட்டு அடுத்த வரியில் மறுபடி டிஎன்எஃப் (இங்கே பேக்கேஜ் நிறுவும் கருவி) ஓட்டினால் அத்தனையும் திரும்ப இறங்கும், டேட்டா கரைந்துவிடும். திறப்பது, நிறுவுவது, துடைப்பது மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

இன்னொன்று, பாதியில் சிக்னல் போனால் அந்த லேயர் (அந்த ரன் வரி உண்டாக்கும் அடுக்கு) சேமிக்கப்படாது, முதலிலிருந்து தொடங்கும். டாக்கரின் கட்டும் கருவியான பில்ட்கிட்டின் கேஷ் மவுண்ட் (பில்டுகளுக்கிடையே நிலைக்கும் கோப்புறை) போட்டால் இறங்கிய பேக்கேஜ்கள் மிஞ்சும். டெபியன், உபுண்டு இமேஜ்களில் மட்டும் ‘டாக்கர்-கிளீன்’ என்ற ஆப்ட் அமைப்புக் கோப்பை முதலில் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவி முடிந்ததும் இறங்கிய பேக்கேஜ் கோப்புகளை அது அழித்துவிடும்.

ஆல்பைன் லினக்ஸ் சின்னது, இறக்க வேகம், சரி. மெயின், கம்யூனிட்டி ரெப்போக்கள் இரண்டும் அதிகாரபூர்வ இமேஜிலேயே திறந்திருக்கின்றன, இது தெரியாமல் மறுபடி சேர்ப்பவர்கள் உண்டு. டெஸ்டிங் ரெப்போ இருப்பது எட்ஜ் என்ற வளர்ச்சிக் கிளையில் மட்டும். ரெப்போவுக்கு ஓர் அடையாளச் சொல் போட்டுச் சேர்த்தால் கேட்ட பேக்கேஜ்தான் அங்கிருந்து வரும், ஆனால் அது சார்ந்த லைப்ரரிகளும் எட்ஜிலிருந்தே வரலாம், அங்கேதான் வம்பு. பழைய பதிப்புகளை ரெப்போவில் வைத்திருக்கவும் மாட்டார்கள், பதிப்பு எண்ணைக் கட்டிவைத்த பில்ட் திடீரென உடையும். புரொடக்‌ஷனுக்கு நான் தொடமாட்டேன்.

உபுண்டு பிபிஏ (தனிநபர்களும் குழுக்களும் வெளியிடும் ரெப்போ)? அதைச் சேர்க்கும் கருவியே பைதானையும் கூட இழுத்துவரும். ரெப்போவின் கையொப்பச் சாவியைக் கீரிங்ஸ் கோப்புறையில் போட்டு, ரெப்போ வரியைக் கையால் எழுதிவிடுங்கள்.