கட்டைவிரலுக்குத் தெரிந்த இடம்: அமுக்கும் பட்டனும் திரைப் பட்டனும்

அம்மாவின் பழைய போனில் திரைக்குக் கீழே நடுவில் ஒரு ஹோம் பட்டன் இருந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து கறுத்திருக்கும். அம்மாவின் வலது கட்டைவிரல் எப்போதும் விழும் ஓரம் அது. போன் ரொம்பப் பழசாகிவிட்டதால் புதிது வாங்கிக் கொடுத்தோம். முதல் நாளே யூடியூபில் குழம்பு வைப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வரத் தெரியாமல் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பட்டன் எங்கடா போச்சு?" என்றார்.

அந்தப் பட்டன் போனதில் லாபமா நஷ்டமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். போட்டி இரண்டு வகைக்குள் அல்ல, மூன்றுக்குள். ஐபோனில் 2007 முதல் இருந்தது போல நிஜமாகவே உள்ளே அமுங்கும் பட்டன் ஒன்று. 2010இல் வந்த நெக்ஸஸ் ஒன், பின்னாளில் ரெட்மி நோட் 4 போன்றவற்றில் திரைக்கு வெளியே, கண்ணாடியின் அடிப்பகுதியில் அச்சடித்திருந்த டச் பட்டன் இரண்டாவது. மூன்றாவது, திரைக்குள்ளேயே வரையப்படும் பட்டன். இது 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 உடன் மோட்டோரோலா ஜூம் டேப்லெட்டில் வந்தது. அதே வருடக் கடைசியில் ஆண்ட்ராய்டு 4.0 உடன் கேலக்ஸி நெக்ஸஸ் போனுக்கும் வந்துவிட்டது. சாம்சங் தன் பெரிய போன்களில் முதல் இரண்டையும் கலந்து, நடுவில் அமுக்கும் ஹோம், இருபுறமும் டச் என்று 2016 வரை ஓட்டியது. 2017இல் எஸ்8 வந்தபோது எல்லாம் திரைக்குள் போய்விட்டன.

இந்த மூன்றில் இரண்டாவதாகச் சொன்ன டச் பட்டனைத்தான் நான் கடைசியில் வைப்பேன். தடவினால் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. இடத்தை மாற்றவும் முடியாது. போனைப் படுக்கைவசமாகப் பிடித்து விளையாடும்போது உள்ளங்கை ஓரம் பின்னால் போகவைக்கும் 'பேக்' பட்டனில் பட்டு, ஆட்டம் பாதியில் மூடிக்கொண்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். திரைப் பட்டனில் அந்தத் தொல்லை குறைவு. 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், முழுத்திரையில் ஓடும் விளையாட்டு அவற்றை மறைத்துவைக்க முடிகிறது.

அமுக்கும் பட்டனின் பலம் வேறு. அதைப் பார்க்கவே வேண்டாம். பைக்குள் கைவிட்டால் போனின் தலை எது, கால் எது என்று அந்தக் குழி சொல்லிவிடும். மாவு பிசைந்த கை, பாத்திரம் கழுவிய கை, எதுவானாலும் அமுக்கினால் கேட்கும். தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. நடுவில் தண்ணீர் பரவினால் விரல் எங்கே இருக்கிறது என்று அதற்குக் குழம்பிவிடும். அம்மா போன்றவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: அமுங்கியதா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. திரைப் பட்டனில் அம்மா விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். போன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு, கேட்காத ஏதோ ஒன்றைத் திறக்கும்.

ஐபோன் 7 இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற விசித்திரம். 2016இல் வந்த அந்தப் போனின் ஹோம் பட்டன் அசையவே அசையாது. உள்ளே இருக்கும் சிறிய மோட்டார் தரும் அதிர்வு, 'டிக்' என்று அமுங்கியது போல விரலை நம்பவைக்கும். போனை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், வெறும் கண்ணாடி. அசையும் பாகத்தை எடுத்துவிட்டு, அசைந்த உணர்வை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் புரியவைத்த போன் அது. அந்தப் பட்டன் பழுதானால் என்ன ஆகும் தெரியுமா? திரையிலேயே ஒரு ஹோம் பட்டனை வரைந்து காட்டும்!

பழுது என்றால் கணக்கு இரண்டு பக்கமும் உண்டு. அமுக்கும் பட்டன் தேயும், தூசி சேரும். கைரேகை சென்சாரும் அதற்குள் வந்தபிறகு மாற்றுவதும் சுலபமில்லை. வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் 'எர்ரர் 53' காட்டி முடங்கியதும், 2016இல் ஆப்பிள் திருத்தம் வெளியிட வேண்டிவந்ததும் அதனால்தான். திரைப் பட்டனில் தேய எதுவுமில்லை. ஆனால் என் போன் ஒருமுறை கீழே விழுந்து, திரையின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு டச் செத்துப்போனது. பேக், ஹோம், திறந்த ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் என்று அங்கிருந்த மூன்று பட்டன்களும் ஒரே நேரத்தில் போய்விட்டன. எந்த ஆப்பையும் திறக்க முடிந்தது, வெளியே வர முடியவில்லை. ஓஎல்இடி திரைகளில் ஒரே இடத்தில் நிற்கும் படம் தடம் பதிக்கும் சிக்கலும் உண்டு. 2017இல் பிக்ஸல் 2 எக்ஸ்எல்லில் பட்டன்களின் தடம் தெரிகிறது என்று புகார் வந்தபின், சும்மா இருக்கும்போது அவற்றை மங்கவைக்கும் அப்டேட்டை கூகுள் கொடுத்தது.

இடத்தைப் பொறுத்தவரை திரைப் பட்டனும் இலவசம் இல்லை. கேலக்ஸி நெக்ஸஸ் திரையின் நீளத்தில் இருந்த 1280 புள்ளிகளில் 96 பட்டன் பட்டைக்கே போனது. ஆனால் அமுக்கும் பட்டன் கேட்கும் இடம் இன்னும் அதிகம். ஐபோன் 8இன் உயரம் 138.4 மி.மீ., திரை 4.7 அங்குலம். அதே வருடம் பட்டன் இல்லாமல் வந்த ஐபோன் எக்ஸ் 5 மி.மீ. சொச்சம்தான் உயரம் கூட, திரையோ 5.8 அங்குலம்.

ஆனால் திரைப் பட்டனை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் இந்தக் கணக்கு அல்ல. அதை நம் வழக்கத்துக்கு வளைக்கலாம் என்பதுதான். பழைய சாம்சங்கில் பேக் வலப்பக்கம், கூகுள் போன்களில் இடப்பக்கம். பட்டன் அச்சடித்த இடத்தில் இருந்தவரை, போன் மாறும்போதெல்லாம் நாம்தான் மாறவேண்டியிருந்தது. இன்று சாம்சங் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் நேவிகேஷன் பார் என்று போனால் வரிசையையே திருப்பிவிடலாம். அங்கேயே, பட்டனே இல்லாமல் திரையின் ஓரத்திலிருந்து விரலால் தள்ளும் ஸ்வைப் என்றொரு வழியும் இருக்கும். 2019இல் ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த முழு ஸ்வைப் முறை இளையவர்களுக்குச் சரி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடித் தடுமாறும் பெரியவர்களுக்குத் தயவுசெய்து அதை வைத்துக் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் புதுப் போனில் அந்த ஸ்வைப்தான் இருந்தது. எடுத்துவிட்டு மூன்று பட்டன்களை வைத்தேன். பேக் வலப்பக்கம், ஹோம் நடுவில், பழைய போனில் இருந்த அதே வரிசை. நீண்ட அழுத்தத்துக்கான நேரத்தையும் அக்சஸிபிலிட்டி பகுதியில் கூட்டிவைத்தேன். நேற்றும் வீடியோ முடிந்ததும் அம்மாவின் கட்டைவிரல் முதலில் கவரின் கீழ் விளிம்புக்குத்தான் போனது. அங்கே ஒரு நொடி நின்று, அப்புறம் ஒரு விரற்கடை மேலே ஏறி, ஹோமைத் தொட்டது.