பேங்க்ல லோன் ரிஜெக்டா? கூட்டுறவு சங்கமா, சேமிப்புக் குழுவா

முதல்ல ஏன் ரிஜெக்ட் பண்ணாங்கன்னு கேட்டு வாங்கிக்கோங்க, ஏன்னா கிரெடிட் ஸ்கோர் (பழைய கடன எப்படி கட்டினீங்கன்னு வச்சு போடுற மார்க்) பிரச்சனையா வருமான பிரச்சனையாங்கறத பொறுத்து தான் அடுத்து எங்க போகணும்னே முடிவு பண்ண முடியும்.

கூட்டுறவு கடன் சங்கத்துல மெம்பர் ஆகணும், பங்குத்தொகை கட்டணும், சில இடத்துல மெம்பராகி கொஞ்ச மாசம் ஆனா தான் லோன். ஜாமீன்தாரரும் கேப்பாங்க, நீங்க கட்டலன்னா அவர் தலைல தான் விடியும், அதனால யார கூப்பிடுறோம்னு யோசிங்க. ஆனா ஸ்கோர மட்டும் பாக்காம சம்பளம், சேமிப்பு பழக்கம் எல்லாம் பாத்து பேசுவாங்க, தொகையும் ஓரளவு பெருசா கிடைக்கும்.

சேமிப்புக் குழுன்னா தெரிஞ்சவங்க சேந்து ஆளுக்கு கொஞ்சம் போட்டு, அதுலருந்தே கடன் குடுத்துக்கறது. பேப்பர் வேலை கம்மி, உங்கள தெரிஞ்சவங்க தான் முடிவு பண்றாங்க. தொகை சின்னது. ஒரு தவணை தவறினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அந்த சங்கடம் வேற. ஒழுங்கா கட்டினாலும் அது பெரும்பாலும் கிரெடிட் ரிப்போர்ட்ல (ஸ்கோர் போட பாக்குற உங்க கடன் வரலாறு) ஏறாது.

ரெண்டுலயும் வட்டி ஃபிளாட்டா (கடைசி வரை முதல்ல வாங்கின முழு தொகைக்கும் வட்டி), குறையுற பாக்கிக்கான்னு கட்டாயம் கேளுங்க. 10,000 வாங்கி 12 மாச தவணைல கட்டுறப்போ ஃபிளாட் 12 சதவீதம்னா வட்டி 1,200, கேக்க கம்மியா தான் இருக்கு, ஆனா அசல் மாசாமாசம் குறையுதுல்ல, அந்த கணக்குல பாத்தா கிட்டத்தட்ட 21 சதவீதம் வருது!

அவசரமா சின்ன தொகைன்னா குழு, ஸ்கோரையும் சரி பண்ணணும்னா சங்கம் தான் என் சாய்ஸ், அதுவும் நீங்க கட்டுறத அவங்க கிரெடிட் ஸ்கோர் போடுற கம்பெனிக்கு ரிப்போர்ட் பண்றாங்களான்னு கேட்டுட்டு.