சீன வயதுவந்தோர் பட்டத் தேர்வு: ஆங்கில வாசிப்புக்கு எந்தப் பயிற்சி கைகொடுக்கிறது?

சீனாவில் வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிப்பவர்களுக்கு இறுதியில் இரண்டு சான்றிதழ்கள் தேவைப்படுகின்றன. படிப்பை முடித்ததற்கு ஒன்று, பட்டம் பெற்றதற்கு ஒன்று. பாடங்களில் தேறினால் முதலாவது வந்துவிடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஓர் ஆங்கிலத் தேர்வைத் தாண்ட வேண்டும். அரசுப் பணியிடங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். அதனால்தான் முப்பது, நாற்பது வயதில், பள்ளியோடு ஆங்கிலத்தை மூட்டை கட்டி வைத்தவர்கள் மறுபடியும் பென்சிலும் கையுமாக உட்காருகிறார்கள்.

இந்தக் கல்வி அங்கே நேற்று முளைத்ததில்லை. 1979இல் மத்திய வானொலி, தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 2012இல் அது தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆனது. தானே படித்துத் தேர்வெழுதும் முறைக்கு 1981இல் வழி பிறந்தது. அஞ்சல் வழியும் மாலைக் கல்லூரியும் இணைய வழியும் இவற்றோடு சேர்ந்தவை.

நான் சில ஆண்டுகள் பெய்ஜிங்கில் ஒரு சிறிய மாலை வகுப்பில் இவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தேர்வின் அமைப்பு ஊருக்கு ஊர் மாறும். எனக்குப் பழக்கமானது பெய்ஜிங் வட்டாரத் தாள்: 120 நிமிடங்கள், 100 மதிப்பெண்கள். அதன் முதல் பகுதியே வாசிப்பு. மூன்று பத்திகள், மொத்தம் 900 சொற்களுக்குள். 15 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். ஆக, 30 மதிப்பெண் இந்த ஒரு பகுதியில் மட்டும் இருக்கிறது. தேர்ச்சிக்கு 60 வேண்டும். இந்த 30ஐப் பிடிக்க மாணவர்கள் நான்கு வழிகளில் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். நான்கும் ஒரே தரமானவை என்று என்னால் சொல்ல முடியாது.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது இதைத்தான். மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் சீன எழுத்தும் முதுகைக் குறிக்கும் எழுத்தும் ஒன்றே. முதுகில் சுமப்பதற்கும் அதே எழுத்துதான். அகர வரிசைப் பட்டியல்கள் பலவற்றில் முதல் பக்கத்திலேயே நிற்பது 'அபாண்டன்' என்ற சொல். கைவிடுதல் என்று பொருள். அந்தப் பக்கத்தோடு நின்றுபோனவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

கணக்கைப் பாருங்கள். இந்தத் தேர்வுக்கான பாடத்திட்டம் 3800 சொற்களை எதிர்பார்க்கிறது. நாளைக்கு 20 சொல் என்று ஒரு நாளும் விடாமல் படித்தாலும் 190 நாள்கள் ஆகும். தேர்வோ ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள காலம் பட்டியலுக்கே போய்விடும். ஒரு பத்தியைக்கூட வாசித்திருக்க மாட்டார்கள்.

கைபேசிச் செயலிகள் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கின்றன. படத்தைக் காட்டிச் சொல்லைப் பதியவைக்கும் 'பாய்-ட்சு-ஜான்' அங்கே மிகவும் பரவலானது. ஊரைச் சுற்றிவரும் 10ஆம் எண் மெட்ரோவில் இருக்கை கிடைக்காதவர்கள்கூட ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் சொற்களைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அடிப்படைச் சொற்களே தெரியாதவருக்கு இது தேவைதான். ஆனால் பட்டியலும் படமும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் ஆழமாகப் பதிக்கின்றன. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வாசிப்புப் பத்தியில் அரசு ஒரு சிக்கலை 'அட்ரஸ்' செய்கிறது, அதாவது அதைத் தீர்க்க முனைகிறது என்று வரும்போது முகவரி தெரிந்தவர்தான் அதிகம் தடுமாறுகிறார். 'சவுண்ட்' என்றால் ஒலி. 'சவுண்ட்' உறக்கம், அதாவது ஆழ்ந்த உறக்கம் என்று வந்தால்? தெரியாத சொல்லாக இருந்தால் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்துப் பொருளை ஊகிப்பார். தெரிந்த சொல் என்பதால் ஊகிக்காமலே கடந்துவிடுகிறார்.

வகுப்பில் விற்கப்படும் சூத்திரங்கள்

'தேர்ச்சிக்கு உத்தரவாதம்' என்று பலகை வைத்த வகுப்புகள் உண்டு. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கான தனிப்பயிற்சித் தொழிலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வயதுவந்தோருக்கான வகுப்புகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை.

அங்கே சொல்லித்தரப்படும் வாய்ப்பாடு சீனாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. 'எப்போதும்', 'மட்டுமே' என்று அடித்துச் சொல்லும் விடையைத் தள்ளு, 'இருக்கலாம்' என்று தணிந்து சொல்லும் விடையைப் பிடி என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கட்டுரை எழுதுபவர் பெரும்பாலும் அளந்துதான் சொல்வார். அதை மிகைப்படுத்தும் விடை தவறாகவே இருக்கும். முதலாவதில் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே நான்கில் ஒன்று சரியாகும். 15 கேள்விக்குச் சராசரியாக ஏழு, எட்டு மதிப்பெண் அப்படியே வந்துவிடும். சூத்திரத்தால் வந்தது என்று மாணவர் நம்புவதில் பெரும்பங்கு இதுதான். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு இந்த வாய்ப்பாட்டோடு என்னிடம் வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது.

பரவலாக வாசிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் இந்த மாணவர்களுக்கு முதல் வழியாக இதைச் சொல்ல நான் தயங்குகிறேன்.

சீனாவில் இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் புத்தகம், எல். ஜி. அலெக்சாண்டரின் 'நியூ கான்செப்ட் இங்கிலீஷ்'. 1967இல் வந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் 96 பாடங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதை போல இருக்கும். உரக்க வாசித்து மனப்பாடம் செய்பவர்களை இன்றும் பூங்காக்களில் காணலாம். வாக்கியத்தின் ஓட்டம் காதில் ஏற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேர்வில் வருவது வேறு வகை எழுத்து: உடல்நலம், நகரப் போக்குவரத்து, குழந்தை வளர்ப்பு, விளம்பரம் என்று ஒரு கருத்தை முன்வைத்து, எடுத்துக்காட்டுத் தந்து, 'ஆனால்' என்று திரும்பும் கட்டுரைகள். கதை வாசிப்பவர் அடுத்து என்ன நடந்தது என்று தேடுவார். இங்கே கேட்பது எழுத்தாளர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று. இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பவருக்குப் பரந்த வாசிப்பு எல்லாவற்றையும்விடச் சிறந்தது. ஐந்து மாதமும் நாளுக்கு 40 நிமிடமும் மட்டுமே இருப்பவருக்கு அது மெதுவான வண்டி.

பழைய வினாத்தாள்: இரண்டு விதமாகப் பயன்படும் ஒரே பொருள்

பழைய வினாத்தாளைச் சீனர்கள் 'ஜென்-தி' என்பார்கள், மெய்யான கேள்விகள் என்ற பொருளில். அவை வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இதிலேயே இரண்டு வழிகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்று, வாரத்துக்கு மூன்று தாள் என்று எண்ணிக்கையைக் கூட்டுவது. மற்றொன்று, ஒரே பத்தியில் மூன்று மாலைகள் தங்குவது.

எண்ணிக்கைக்காரர்கள் சொல்லும் காரணம் வேகம். அந்தக் காரணம் நிற்காது. வாசிப்புப் பகுதிக்கு ஒதுக்கப்படும் நேரம் ஏறத்தாழ 40 நிமிடம். நிமிடத்துக்கு 50 சொல் என்ற மெதுவான நடையில் போனாலும் 900 சொல்லை 18 நிமிடத்தில் முடித்துவிடலாம். மிச்சமுள்ள 22 நிமிடத்தில் கேள்விக்கு ஒன்றரை நிமிடம்போல் கிடைக்கும். என் மாணவர்கள் நேரம் போதாமல் மதிப்பெண் இழந்தது குறைவு. வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு இழந்ததே அதிகம். பத்துத் தாள் எழுதினாலும் அந்தப் பிழை பத்து முறை திரும்ப வரும். போதாததற்கு, அதே தாளை மறுபடி எடுக்கும்போது பத்தி நினைவில் இருக்காது. மூன்றாவது கேள்விக்கு 'சி' என்பது மட்டும் நினைவிருக்கும்.

என்னிடம் படித்த ஒரு செவிலியர் இரவுப் பணி முடிந்த நாள்களிலும் வகுப்பைத் தவறவிட மாட்டார். ஏழு தாள்கள் எழுதி முடித்திருந்தார். 15க்கு ஆறு, ஏழு என்ற இடத்தைவிட்டு அவர் நகரவே இல்லை. ஒருநாள் ஒரு வரியில் விரலை வைத்து, "ஆசிரியரே, ஆறு எப்படிச் சுவர் கட்டும்?" என்று கேட்டார்.

அந்த வரியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 'தி ஃபார்மர்ஸ் ஹூ லிவ்ட் நியர் தி ரிவர் பில்ட் எ வால்.' ஆற்றருகே வாழ்ந்த உழவர்கள் ஒரு சுவர் கட்டினார்கள். ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் 'பில்ட்' என்ற வினைக்குப் பக்கத்தில் நின்றது 'ரிவர்'. சீனத்தில் வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும் பெயர் பெரும்பாலும் எழுவாய். 'ஆற்றருகே வாழ்ந்த' என்ற பகுதி உழவருக்கு முன்னால் வந்து, 'தெ' என்ற ஓர் அசையோடு முடிந்து, அதன் பிறகே உழவர் வருவார்.

அன்று எனக்குத் தமிழ் கைகொடுத்தது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? 'வாழ்ந்த' என்ற பெயரெச்சத்தில் அடைமொழி முழுவதும் முடிகிறது, பிறகு உழவர் வருகிறார். இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு மொழிகள் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன, ஆங்கிலம் எதிர்ப்பக்கம். பள்ளியில் நான் ஆங்கில வாக்கியங்களில் எங்கே முட்டிக்கொண்டேனோ அதே இடத்தில் அவரும் முட்டியிருந்தார். 'ஹூ' முதல் 'ரிவர்' வரை அடைப்புக்குறி போடச் சொன்னேன். அந்த அடைப்பைத் தூக்கி உழவருக்கு முன்னால் வைத்து, நடுவே ஒரு 'தெ' எழுதச் சொன்னேன். எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே பத்தியின் மற்ற வரிகளுக்கு அடைப்புப் போட ஆரம்பித்தார்.

சீனத்தில் 'ஜிங்-து' என்பது இதுதான், நுணுகி வாசித்தல். முதல் மாலை, கடிகாரம் வைத்து ஒரு பத்தியை வாசித்து விடைகளைக் குறிப்பது, சரிபார்க்கக் கூடாது. இரண்டாம் மாலை, அகராதியோடு உட்கார்ந்து நீண்ட வாக்கியம் ஒவ்வொன்றிலும் முதன்மை வினையைக் கண்டுபிடித்து, அடைப்புப் போட்டுச் சீனத்தில் எழுதுவது. மூன்றாம் மாலை கேள்விகளுக்குத் திரும்புவது. சரியான விடைக்கு ஆதாரமான வரியைக் காட்டுவதோடு, தவறான மூன்றும் ஏன் தவறு என்றும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் தவறுகளின் வகை பிடிபடும். பத்தியில் உள்ள சொற்களையே கொண்டு உறவை மட்டும் புரட்டிப்போட்ட விடை ஒரு வகை. உண்மைதான், ஆனால் கேட்டது அதுவன்று என்பது இன்னொரு வகை. மையக் கருத்தைக் கேட்டால் பத்தியின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்துவது மூன்றாவது.

இந்த வழியில் சொற்களும் சேர்ந்தே வருகின்றன, வாக்கியத்துக்குள் என்ன பொருளோ அந்தப் பொருளோடு. இன்னொரு பயனும் உண்டு. பெய்ஜிங் தாளின் மொழிபெயர்ப்புப் பகுதியில் ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மாற்ற வேண்டிய ஐந்து வாக்கியங்கள் வாசிப்புப் பத்திகளில் அடிக்கோடிட்டவையே. இரண்டாம் மாலையின் உழைப்பு அங்கேயும் மதிப்பெண்ணாகிறது. சொற்பட்டியலிலோ சூத்திரத்திலோ இந்த இரட்டைப் பலன் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. தனியாகச் செய்தால் தவறான அடைப்பைத் திருத்த ஆள் இருக்காது. மொழிபெயர்ப்புச் செயலி முழு வாக்கியத்தையும் நொடியில் மாற்றித் தந்துவிடும். விடை கிடைக்கும், பழக்கம் கிடைக்காது. தானே எழுதிய பிறகு ஒத்துப்பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். மூன்று மாலைக்கு ஒரு பத்தி என்றால் முதல் மாதத்தில் பத்துப் பத்திதான் முடியும். அந்தப் பத்து, பலருக்கு மனச்சோர்வு தரும் எண்.

கேள்வி முதலா, பத்தி முதலா?

வகுப்பில் ஓயாத வாதம் இது. ஒரு பத்திக்குரிய ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றின் நான்கு விடைகளையும் முதலிலேயே படித்தால் 20 விடைகள் தலைக்குள் ஏறும். அவற்றில் 15 பொய். அந்தப் பொய்களோடு பத்திக்குள் போனால் வாசிப்பு கலங்கிவிடுகிறது. எதையும் பார்க்காமல் பத்திக்குள் போனால், எதற்காக வாசிக்கிறோம் என்ற பிடி இருப்பதில்லை. கேள்வி வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு விடைகளைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்வேன். பெயர், ஆண்டு, இடம் ஏதாவது இருந்தால் வட்டமிட்டுக்கொண்டு பத்தியை முழுவதுமாக ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஐந்து மாதத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு: முதல் மூன்று மாதம் நுணுகி வாசித்தல், மெட்ரோவில் மட்டும் சொற்செயலி. நான்காம் மாதம் இரு நாளைக்கு ஒரு பத்தி. கடைசி மாதத்தில்தான் முழுத் தாள்கள், 120 நிமிடம் ஒரே மூச்சில். மிக அண்மைத் தாள் ஒன்றைத் தொடாமல் வைத்திருந்து, தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டும்.

அந்தச் செவிலியர் அப்படி எடுத்துவைத்த தாளில் 15க்கு 11 சரியாக எழுதினார். வாசிப்பில் 22, மீதியுள்ள 70இல் 38 எடுத்தால் போதும் என்று தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, தவறிய நான்கு கேள்விகளின் பத்தியைத் திறந்து, மறுபடியும் பென்சிலை எடுத்தார்.