புனித ரோமானியப் பேரரசு சுவர் வரைபடம்: வாங்கலாம், ஒரு திருத்தத்தோடு

தக்கலையில் என் வீட்டு மாடியில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். ஐரோப்பாவில் அவர்கள் திணறுகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: ஜெர்மானிய நிலங்களை மையமாகக் கொண்டு, ஒரு பேரரசரின் கீழே நூற்றுக்கணக்கான சின்ன அரசுகள் சேர்ந்திருந்த புனித ரோமானியப் பேரரசு. "பேரரசுன்னு சொல்றீங்க, அப்புறம் முந்நூறு அரசுன்னு சொல்றீங்க, எதை சார் எழுத?" என்பார்கள். அதற்காகத்தான் முப்பதாண்டுப் போர் முடிந்த 1648-ம் வருஷத்து எல்லைகளைக் காட்டும் இந்தத் தமிழ் வரைபடத்தைத் தபாலில் வரவழைத்தேன். நாலடிக்கு மூன்றடி, 1,150 ரூபாய்.

பல வரைபடங்களில் பேரரசு முழுக்க ஒரே நிறமாக இருக்கும். இதில் ஒவ்வொரு துண்டும் தனி நிறம். பிஷப்புகளும் மடங்களும் ஆண்ட நிலத்துக்கு ஊதாக் கோடு, பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரங்களுக்குச் சிவப்புப் புள்ளி. தெற்கே உல்ம் நகரைச் சுற்றிய சுவாபியா, தோவாளைச் சந்தையில் பூவைக் கொட்டினது போல இருக்கிறது. ஒரு மாணவி அங்கே விரல் வைத்தாள். "விரலை எடுத்துட்டுப் பாரு மக்களே" என்றேன். அந்த விரலடியில் ஐந்து ஆட்சிகள்!

பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்களுக்குக் கிரீடக் குறி. 1356-ல் நான்காம் சார்லஸ் தந்த பொன் ஆணைப்படி ஏழு பேர்: மைன்ஸ், கொலோன், டிரியர் பேராயர்கள், பொஹீமியா, பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள். முப்பது நாளில் தேர்வு முடியாவிட்டால் அதன்பிறகு அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும்தான் என்று ஆணையிலேயே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அந்த ஏழு பேரை மறப்பதில்லை. 1648-ல் பவேரியாவையும் சேர்த்து எட்டு. வரைபடத்திலும் எட்டு கிரீடம் சரியாக இருக்கிறது.

பெரிய பிழை பிரஷ்யாவில். அதைப் பேரரசின் எல்லைக்குள் வைத்துவிட்டார்கள். அன்று அது போலந்து மன்னருக்குக் கட்டுப்பட்ட நிலம். பேரரசுக்கு வெளியே இருந்ததால்தான் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் 1701-ல் அங்கே மன்னராக முடிசூட முடிந்தது. இந்தக் கோடு தவறினால் அதற்குப் பிந்தைய ஜெர்மானிய அரசியல் எதுவும் பிள்ளைகளுக்குப் புரியாது. கறுப்பு மார்க்கரால் நானே திருத்தினேன். விற்றவர்களுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

தாள் நம்மூர் சாரலுக்குத் தாங்காது. ஜூனில் ஒரே வாரத்தில் ஓரம் சுருண்டது. நாகர்கோவிலில் லேமினேட் செய்ய இன்னொரு 300 ரூபாய் ஆனது.

அடியில் ஒரு காலக்கோடு: 962 (பேரரசின் தொடக்கம்), 1356, 1648, 1806 (முடிவு). எனக்கு அதிகம் உதவுவது அதுதான். பிறகு திருவிதாங்கூர் ஆன நம்ம வேணாடும் இப்படிச் சொரூபங்களாக, அதாவது அரச குடும்பக் கிளைகளாகப் பிரிந்து கிடந்ததுதான். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1729-க்குப் பிறகு அக்கம்பக்கத்து அரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். அங்கேயோ பேரரசின் நீதிமன்றங்களும் ரேகன்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசின் மன்றமும் சின்ன அரசுகளுக்கு நெடுநாள் அரணாக இருந்தன. நெப்போலியன் நெருக்கி, 1803-க்கும் 1806-க்கும் இடையில்தான் பெரும்பாலானவை கரைந்தன. மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போர் நடந்த 1741 ஆகஸ்டில் பேரரசர் பதவியே காலி! ஆறாம் சார்லஸ் 1740 அக்டோபரில் இறந்து, அடுத்தவர் 1742 ஜனவரியில்தான் தேர்வானார். அந்தப் போருக்குப் பின் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைத்தளபதியான டச்சுக்காரப் படைத்தலைவர் டிலனாயின் கல்லறையை உதயகிரிக் கோட்டையில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் காலக்கோட்டின் பக்கத்தில் எழுந்து வந்து நின்றார்கள். 1741 இருக்க வேண்டிய இடத்தில் மார்க்கரால் 'குளச்சல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.